அழித்தாலும் திரும்பி வரும் பாட்டு

அம்மாயி வீடு வையம்பட்டியில். திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகிற நான்குவழிச் சாலையில் மணப்பாறையைத் தாண்டினால் வருகிற ஊர். போன மாசியில் போயிருந்தபோது காபி டம்ளரைக் கொடுத்த கையோடு போனையும் நீட்டினார்.

“சாமி, இதுல இருக்கற கண்றாவிப் பாட்டையெல்லாம் எடுத்துவிடு. சீர்காழி பாடிக்கிட்டு இருக்காரு, நடுவுல எவனோ வந்து கத்துறான்.”

ஐந்து நிமிட வேலை என்றுதான் உட்கார்ந்தேன். வேலை முடிய இரண்டு நாள் ஆனது.

அது மாமா வைத்திருந்து கழித்த ஆண்ட்ராய்டு போன். அதிலிருந்த 4 ஜிபி மெமரி கார்டு போனைவிடப் பழையது. மாமாவின் பட்டன் போன் காலத்தில் கடையில் கொடுத்துப் பாட்டு ஏற்றிய கார்டு. அந்தத் தொழில் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ரீசார்ஜ் கடை ஒன்று இருக்கும். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், அதில் ‘இளையராஜா’, ‘ரஹ்மான்’, ‘குத்து’, ‘சோகம்’, ‘அம்மன்’ என்று போல்டர்கள். சில்லறைக் காசைக் கொடுத்து “கார்டு ஃபுல்லா ஏத்திக் குடுப்பா” என்றால் போதும். எந்தப் பாட்டு என்று யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. இடம் மிச்சம் இருந்தால் வாங்கியவருக்கு நஷ்டம், அவ்வளவுதான் கணக்கு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அது குற்றம். ஆனால் குற்றம் செய்கிறோம் என்று நினைத்துக் கார்டை நீட்டிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவைத் தண்ணீராக ஓடவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டர்கள் ஆன்லைன் விண்ணப்பம் போடுவதற்கு மாறிக்கொண்டன.

128 கேபிபிஎஸ் தரத்தில் ஓர் எம்பி3 பாட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டுக்கு 5 எம்பி. 4 ஜிபி கார்டில் எழுநூறு எண்ணூறு பாட்டு அடங்கிவிடும். எண்ணிப் பார்த்தேன், 743. அம்மாயிக்கு வேண்டியது அதில் நாற்பதுகூடத் தேறாது. முருகன் பாட்டு, டி.எம்.எஸ்., கொஞ்சம் பழைய சோகம்.

அவர் திருச்சி வானொலி கேட்டு வளர்ந்தவர். 1939 மே 16ஆம் தேதி தொடங்கிய நிலையம் அது. ஒரு பாட்டு வேண்டுமென்றால் அஞ்சலட்டையில் பெயரும் ஊரும் எழுதிப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பாட்டு வருகிறதோ இல்லையோ, ரேடியோக்காரர் வாயில் ஊர்ப் பெயர் வந்தாலே பெருமை. வேண்டிய பாட்டுக்காகக் காத்திருந்த அந்த மனுஷியின் கை, கடைசியில் வேண்டாத எழுநூறு பாட்டைச் சுமக்கிற கையாகிவிட்டது. திருவிழா மைக் செட்டாவது ராத்திரி பத்து மணிக்கு மேல் பாடக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி இருக்கிறது. கைக்குள் இருப்பதற்கு அப்படி ஒரு விதியும் கிடையாது.

ஃபைல் மேனேஜரைத் திறந்து, கார்டுக்குள் போய், வேண்டாததையெல்லாம் விரலால் அழுத்திக் குறித்து, ‘நீக்கு’ கொடுத்தேன். பட்டியல் சுருங்கியது. சோதித்துப் பார்த்தோம், சீர்காழிக்குப் பின் டி.எம்.எஸ். வந்தார். அம்மாயி முகத்தில் நிம்மதி. ராத்திரி சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது. காலையில் போட்டால் 743 பாட்டும் வரிசையாக நிற்கின்றன.

மறுபடி அழித்தேன். அணைத்துப் போட்டேன். மறுபடி 743. கார்டையே துடைத்தெடுக்கிற ‘ஃபார்மேட்’டையும் கொடுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “காத்துக் கருப்பு பட்ட போனா இருக்கும், எலுமிச்சம்பழம் சுத்திப் போடு” என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா என்பது இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மொபைல் கடைத் தம்பி கார்டு ரீடரில் செருகிப் பார்த்துவிட்டு ஒரே வாக்கியத்தில் முடித்தார். “கார்டு செத்துருச்சுண்ணே. படிக்கும், எழுதாது.”

விஷயம் இதுதான். மெமரி கார்டில் உள்ள ஒவ்வொரு அறையையும் இத்தனை தடவைதான் அழித்து எழுதலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அது தேய்ந்தால், அல்லது உள்ளே பழுது வந்தால், கார்டுக்குள் இருக்கிற குட்டிச் சில்லு கதவைச் சாத்திவிடும். இருப்பதைப் படிக்கலாம், புதிதாக எதையும் எழுத முடியாது. அழிப்பதும் ஒருவகையில் எழுதுவதுதானே? நாம் ‘நீக்கு’ என்றதும் போன் தன் நினைவில் அதைக் குறித்துக்கொண்டு பட்டியலைச் சுருக்கிக் காட்டுகிறது. கார்டு அந்தக் கட்டளையை ஏற்கவே இல்லை. போன் அணைந்து எழுந்ததும் கார்டை முதலிலிருந்து படிக்கிறது. பழைய பாட்டெல்லாம் பழைய இடத்திலேயே இருக்கிறது. பேய் இல்லை, ஆனால் பேய் மாதிரிதான். இதற்கு எந்த ஆப்பும் வைத்தியம் பார்க்காது. படிக்க முடிகிறபோதே வேண்டியதை வேறு கார்டுக்கு எடுத்துக்கொண்டு பழையதைக் கழற்றிவிடுவது ஒன்றே வழி.

கடையில் நின்றுகொண்டே யோசித்தேன். பாட்டை அழிக்க முடியவில்லை என்று நாம் படுகிற பாட்டில் பாதி, அது எங்கே குடியிருக்கிறது என்று தெரியாததால் வருகிறது. போனில் கேட்கிறது, ஆகவே போனுக்குள் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

உலகம் முழுக்க இது ஒரு தடவை வெடித்தது. 2014 செப்டம்பர் 9ஆம் தேதி, ஐபோன் 6 அறிமுக விழாவில், அயர்லாந்தின் யூ2 இசைக்குழுவின் ‘சாங்ஸ் ஆஃப் இன்னொசன்ஸ்’ ஆல்பத்தை ஐடியூன்ஸ் கணக்கு வைத்திருந்த எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பதாக ஆப்பிள் அறிவித்தது. 119 நாடுகள், 50 கோடிப் பேர். ஐடியூன்ஸ் கடை 2012 டிசம்பரிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டதால் நம்மவர்களும் இதில் சேர்த்தி. கேட்டவர்களுக்குக் கொடுத்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். அதை விட்டு எல்லோர் கணக்கிலும் ‘நீங்கள் வாங்கியது’ என்று நேராகப் போட்டார்கள். தானாகப் பதிவிறக்கும் வசதியைத் திறந்து வைத்திருந்தவர்களின் போனில் ஆல்பமே வந்து இறங்கியது. அழித்தார்கள். பட்டியலில் மேகக் குறியோடு மறுபடி நின்றது. போனில் இருந்தது நகல்தான், மூலம் ஆப்பிளின் கணக்குப் புத்தகத்தில் அல்லவா இருந்தது! கூச்சல் பொறுக்காமல் செப்டம்பர் 15ஆம் தேதி, அந்த ஒரே ஆல்பத்தை நீக்குவதற்கென்றே ஒரு வலைப்பக்கத்தை ஆப்பிள் திறந்தது. அடுத்த மாதம் குழுவின் பாடகர் போனோ வருத்தம் தெரிவித்தார். மாமாவின் கார்டை நிரப்பிய கடைக்காரரும் ஆப்பிளும் செய்த வேலை ஒன்றுதான். கடைக்காரராவது நாம் போய்க் கேட்ட பிறகு ஏற்றினார்.

ஆப்பிளாவது போனுக்குள் ஒரு நகலை வைத்தது. காலர் ட்யூனுக்கு அதுகூட வேண்டியதில்லை. நம்மை அழைப்பவர் காதில் ஒலிக்கிற பாட்டு நம் போனில் ஒரு துளிகூடக் கிடையாது, அது தொலைபேசி நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. போனை மாற்றினாலும், முழுக்கத் துடைத்து ரீசெட் செய்தாலும் போகாது. பிறருடைய ட்யூன் ஒலிக்கும்போது நட்சத்திரக் குறியை அழுத்தினால் அதே பாட்டு நமக்கும் வரும் என்று ஒரு வசதி வைத்தார்கள். விரல் தவறியோ விவரம் தெரியாமலோ அழுத்திவிட்டு மாதாமாதம் பணம் கட்டிய பெரியவர்கள் எத்தனையோ பேர். 2013 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், கட்டணச் சேவை எதையும் தொடங்கும் முன் வாடிக்கையாளரிடம் இரண்டு தடவை சம்மதம் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. நிறுத்துவதற்கு 155223 என்ற கட்டணமில்லா எண். எந்த நிறுவனத்தின் சிம் என்றாலும் இதே எண்தான். அம்மாயியின் எண்ணை அழைத்துப் பார்த்தேன், நல்ல வேளை, வெறும் ‘ட்ரிங் ட்ரிங்’.

நிறுத்த வழி தெரியாத ஒன்றையும் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கொரோனா வந்த 2020 மார்ச்சில் யாரை அழைத்தாலும் முதலில் ஓர் இருமல் கேட்டதே, நினைவிருக்கிறதா? சாவுச் செய்தி சொல்ல அழைத்தாலும் முதலில் இருமல், அப்புறம் அறிவுரை. தடுப்பூசியே போதாமல் இருக்கிறபோது ‘போட்டுக்கொள்ளுங்கள்’ என்று எத்தனை நாள் இந்த எரிச்சலூட்டும் செய்தியை ஒலிப்பீர்கள் என்று 2021 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றமே கேட்டது.

மறுபடி போனுக்குள் வருவோம். ஆப்களில் ‘ஆஃப்லைன்’ என்று இறக்கிவைக்கும் பாட்டுகளுக்கு வேறொரு வீடு. அவற்றை ஃபைல் மேனேஜரில் தேடிப் பயனில்லை, அந்தந்த ஆப்புக்குள் ‘பதிவிறக்கங்கள்’ பகுதிக்குப் போய்த்தான் நீக்க வேண்டும். போனோடு வருகிற ரிங்டோன்கள் சிஸ்டம் பகுதியில் இருக்கின்றன. அங்கே நமக்கு அனுமதி கிடையாது, சும்மா விட்டுவிடலாம்.

வாட்ஸ்அப் தனிக் கதை. ஆண்ட்ராய்டில் ஒரு சிஸ்டம் வேலையாள் உண்டு. சேமிப்பகம் முழுக்கச் சுற்றி, கண்ணில் படுகிற ஒலிக் கோப்பையெல்லாம் ஒரே பட்டியலில் சேர்ப்பது அவன் வேலை. அது பாட்டா, சித்தப்பா அனுப்பிய ஜோசியப் பேச்சா, பள்ளிக்கூட அறிவிப்பா என்று அவனுக்கு அக்கறை இல்லை. பிளேயர் அந்தப் பட்டியலை வாங்கிக் கலைத்துப் போடும்போது பக்திப் பாட்டுக்கு நடுவே ஜோசியம் வருகிறது. வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘சேமிப்பகமும் தரவும்’ என்ற இடத்துக்குப் போய், ஆடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். அங்கேயே ‘சேமிப்பகத்தை நிர்வகி’ என்பதைத் திறந்தால் எந்தக் குழு எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று தெரியும். எங்கள் வீட்டில் முதலிடம் ஒரு கல்யாணக் குழுவுக்கு. கல்யாணம் முடிந்து மூன்று வருடம் ஆகிறது.

கடைத் தம்பி புதுக் கார்டு ஒன்றை எடுத்து வைத்து, “பழசுல வேணுங்கறத மட்டும் சொல்லுங்கண்ணே, மாத்திடறேன்” என்றார். அம்மாயியைக் கூட்டிவந்து ஸ்டூலில் உட்காரவைத்தோம். அவர் “இது வேணும், இது வேணாம்” என்று தலையாட்ட, தம்பி ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். நூற்றுச் சொச்சம் தாண்டியதும் பெயரே இல்லாமல் வெறும் எண்ணாக ஒரு கோப்பு வந்தது. பாட்டாக இருக்காது, தாவிவிடலாம் என்று தம்பி விரலைக் கொண்டுபோவதற்குள் குரல் வந்துவிட்டது.

“ஏத்தா, பொன்னணியாத்து அணைக்குத் தண்ணி வந்துருச்சாம்ல?”

தாத்தாவின் குரல். ஏதோ ஒரு பிள்ளை போனை வைத்து விளையாடியபோது ரெக்கார்டர் ஓடியிருக்கிறது. மொத்தம் பதினோரு விநாடி. தாத்தா போய் ஆறு வருடம் ஆகிறது. கடையில் இருந்த நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கார்டு நல்ல நிலையில் இருந்திருந்தால், முந்தின நாள் திண்ணையில் உட்கார்ந்து நான் மொத்தமாகக் குறித்து அழித்ததில் இதுவும் போயிருக்கும். அதனால் உங்களுக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன். மொத்தமாக அழிப்பதற்கு முன்னால், பெயரில்லாத கோப்புகளை ஒரு தடவை போட்டுக் கேட்டுவிடுங்கள்.

புதுக் கார்டில் இப்போது 38 பாட்டும் பதினோரு விநாடியும் இருக்கின்றன. செத்த கார்டைக் குப்பையில் போட அம்மாயிக்கு மனம் வரவில்லை. சுருக்குப்பையில் வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவே அது கிடக்கிறது, உள்ளே 743 பாட்டும் அப்படியே.