ரோமானியச் சாக்கடைக்கு மறுபடியும் வேலை

"எரிமலைச் சாம்பலுக்கடியில் அத்தனை நூற்றாண்டு பத்திரமாகக் கிடந்த பொம்பெயிச் சுவர் ஒரு மழைக்கா விழும்?" என்று வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். 2010 நவம்பர் 6 அன்று இடிந்த போர்வீரர் கூடத்தைத்தான் சொல்கிறார்.

மண்ணுக்குள் இருந்தவரை அந்தச் சுவருக்கு மழை இல்லை, வெயில் இல்லை, வேர் இல்லை. வெளியே எடுத்தபிறகுதான் மூப்பு தொடங்கியது. கூரையில்லாத சுவரின் தலைவழியே இறங்கும் நீர் சாந்தைக் கரைக்கும். இந்தக் கூடத்துக்கு, இரண்டாம் உலகப்போரின் 1943 குண்டுவீச்சுக்குப்பின் ஏற்றிய கான்கிரீட் கூரையின் பாரம் வேறு. பின்னால் தோண்டப்படாத மண்மேடு, மழையில் ஊறிக் கனத்து நெருக்கியது.

இதற்கான மருந்தை 1976இலேயே எழுதிவைத்தவர் ஜொவான்னி உர்பானி, ரோமில் இருந்த மத்தியச் சீரமைப்பு நிறுவனத்தின் இயக்குநர். உம்பிரியா வட்டாரத்துக்காக அவர் வகுத்த திட்டத்தின் சாரம் இதுதான்: சிதைந்தபின் ஒட்டுப்போடுவதைவிட, சிதைப்பது எதுவென்று கண்டு அதை இடைவிடாமல் கவனிப்பது. ஐப்பசி மழைக்கு முன் எங்கள் வீட்டில் ஆள் வைத்து ஓடு மாற்றுவார்களே, அதே காரியம். உர்பானியின் திட்டம் அலமாரியோடு நின்றுபோனது.

என்னைக் கட்டிப்போட்டது, பொம்பெயியோடு சேர்ந்து புதைந்த ஹெர்குலேனியம். 2001இல் பக்கார்ட் அறக்கட்டளையின் பணத்தில் ஒரு வீட்டுத்தொகுதியைச் சீரமைக்கத் தொடங்கியவர்கள், ஊர் முழுவதும் உதிர்ந்துகொண்டிருக்க ஒரு மூலையை மட்டும் மினுக்குவதில் பயனில்லை என்று திட்டத்தையே மாற்றினார்கள். இன்றைய ஊருக்கு இருபது மீட்டர் கீழே பள்ளத்தில் கிடக்கும் நகரம் அது. பெய்கிற மழைக்குப் போக்கிடம் இல்லை. புதுக் குழாய் பதிக்கத் தரையை உடைக்காமல், எரிமலைப் படிவு அடைத்திருந்த ரோமானியச் சாக்கடைகளையே தூர்வாரி மழைநீரைத் திருப்பிவிட்டார்கள்!

அப்படித் துப்புரவு செய்தபோது ஒரு தெருவடியில் மாடிக் குடித்தனங்களின் கழிவு அப்படியே கிடந்தது. சலித்துப் பார்த்தால் அத்திவிதை, மீன்முள், கடல்முள்ளெலியின் ஓடு. கடைக்கு மேல் குடியிருந்த சாதாரண சனங்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பது, வாய்க்கால் வேலையின் உபயத்தில் தெரியவந்தது.

பொம்பெயிக்கு 105 மில்லியன் யூரோ கிடைத்தது கூடம் விழுந்தபிறகுதான். மண்மேடுகளைச் சாய்த்து வடிகால் அமைத்ததும் அந்தப் பணத்தில்தான். முன்னமே செய்திருக்க வேண்டிய வேலை. ஊரில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் புதைந்திருக்கிறது. அதையும் தோண்டு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெளியே எடுத்ததைப் பார்த்துக்கொள்ளக் கொத்தனாரும் தூர்வாரும் ஆளும் நிரந்தரமாக அமரும்வரை, மிச்சம் மண்ணுக்குள் இருக்கட்டும்.