முதல் முட்டை பிள்ளைக்கு

"கோழியும் ஆடும் வளர்த்து என்னத்தை மிச்சம் பிடிக்கிறது?" எங்கள் ஊர் மாதர் சங்கக் கூட்டங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். நியாயமான கேள்விதான். தீவன விலையையும் எங்கள் உழைப்பையும் கூட்டிக் கணக்குப் பார்த்தால் கையில் காசாக மிஞ்சுவது குறைவு. நானும் ஒரு காலத்தில் வளவைக் காசால் மட்டுமே கணக்குப் பார்த்தேன். அதனால் என் வீட்டில் நேர்ந்த பிழையை இங்கே சொல்கிறேன். உங்களில் யாருக்கேனும் அது உதவக்கூடும்.

2010ஆம் ஆண்டு செட்டிகுளம் முகாமிலிருந்து கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள எங்கள் காணிக்குத் திரும்பினோம். மாமி, நான், ஏழு வயது மகன், இரண்டு வயது மகள் என நான்கு பேர். அரை ஏக்கர் வளவில் வேலி இல்லை. வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றுக்குள் மண்ணும் தகரமும் நிறைந்திருந்தன. தறப்பாள் கொட்டிலில் இருந்துகொண்டே கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினோம். கிளுவைக் கதியால் நட்டு வேலி அடைத்தோம்.

அடுத்த ஆண்டு வாழ்வாதார உதவியாகப் பத்து ஊர்க்கோழிகள் கிடைத்தன. தோட்டத்துக்கு நீரிறைக்கும் இயந்திரம் வேண்டுமென்று ஒரு நிறுவனத்தில் நுண்கடனும் எடுத்தேன். கிழமைக்கு 700 ரூபா தவணை. பத்துக் கோழி நின்றால் நாளுக்குப் பத்து முட்டை கிடைக்காது. அடை கிடப்பதும் இறகு உதிர்ப்பதும் போக மூன்று அல்லது நான்குதான் கிடைக்கும். கிழமைக்கு 25 முட்டை. ஒன்று 15 ரூபாவாக 375 ரூபா. தவணையில் அரைவாசிக்கு மேல் முட்டையே கட்டியது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

ஒருநாள் கிளினிக்கில் மகளை நிறுத்த குடும்பநல உத்தியோகத்தர், வளர்ச்சிப் பதிவேட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மூன்று மாதமாக நிறைக்கோடு மேலே ஏறவில்லை, கீழே இறங்கியிருந்தது.

"வீட்டில கோழி நிக்குதெண்டு சொன்னீங்கள். முட்டை எங்க போகுது?" என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பத்துக் கோழி நிற்கும் வீட்டில் என் பிள்ளை சோறும் பருப்புத் தண்ணியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முட்டையெல்லாம் கடைக்குப் போய், அங்கிருந்து கடன்காரரின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. "பிள்ளை, தொண்ணூறுக்குப் பிறகு பொருளாதாரத் தடைக்குள்ள மண்ணெண்ணெய் இல்லை, சவுக்காரம் இல்லை, பசளை இல்லை. வளவுதான் எங்களைக் காப்பாத்தினது. அப்ப நாங்கள் வித்துப்போட்டுச் சாப்பிடேல்லை. சாப்பிட்டு மிஞ்சினதைத்தான் வித்தனாங்கள்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். நாளின் முதல் இரண்டு முட்டையும் பிள்ளைகளுக்கு. மிச்சம்தான் கடைக்கு. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. இரண்டு முட்டை வீதம் கிழமைக்கு 14 முட்டை வீட்டில் நின்றால் 210 ரூபா குறையும். தவணைக்கு அந்தக் காசு எங்கே? மாமியே வழி சொன்னார். கிணற்றடி வாய்க்காலோரம் பொன்னாங்காணி காடாய்க் கிடந்தது. புது வேலியில் நட்ட முருங்கையும் தழைத்திருந்தது. கீரைக் கட்டு 10 ரூபாவாகக் கிழமைக்கு 21 கட்டுக் கட்டி விற்றோம். கணக்குச் சரியாகிவிட்டது. நான்கு மாதத்தில் மகளின் நிறைக்கோடும் மேலே திரும்பியது.

கீரையை விற்றபோதும் எங்கள் சட்டிக்கு எடுத்த பிறகுதான் விற்றோம். முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, வேலியில் படரும் முசுட்டை என்று நாளுக்கு ஒன்று. கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர, இறக்கியபின் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விடவேண்டும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிக்கக்கூடாது. தேயிலை அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. சோகையால் களைத்துப்போகும் எங்களைப் போன்ற பெண்களுக்கு இது முக்கியமானது.

இரண்டு வருடத்தில் இரண்டு மறி ஆடுகள் வாங்கினோம். ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். கிடாய்க்குட்டிகளை வளர்த்து விற்ற காசில் கடனின் கடைசித் தவணையைக் கட்டினேன். மறிக்குட்டிகளை விற்கவில்லை. பிறகு ஒரு பசுவும் வந்தது. ஊர்ப் பசுதான். நேரத்துக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் கறக்காது. ஆனால் கன்று குடித்தது போக எங்கள் தேத்தண்ணீருக்குக் காணும்.

இப்படி எழுதும்போது எல்லாம் இலகுவாக நடந்ததுபோலத் தோன்றும். அப்படியல்ல. முதல் மாரியிலேயே கோழிகளுக்கு வருத்தம் வந்தது. பச்சையாய்க் கழிந்து, கழுத்துத் திருகி, ஒரு கிழமைக்குள் ஆறு கோழிகள் செத்தன. அது இராணிக்கெட் நோய் என்றும், வந்தபின் மருந்தில்லை, வருமுன் தடுப்பு மருந்து கொடுக்கவேண்டும் என்றும் அதன்பிறகே அறிந்தேன். இப்போது கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டுத் தவறாமல் கொடுக்கிறோம். செத்த கோழியை வேலிக்கு வெளியே எறியாமல் ஆழமாகப் புதைக்கிறோம்.

மிஞ்சிய நான்கு கோழிகளைக் கொண்டே திரும்பவும் பெருக்கினோம். அடை வைத்து ஏழாம் நாள் இரவு முட்டையை ரோச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கருப்பிடித்த முட்டைக்குள் சிவப்பு நரம்பு தெரியும். தெளிவாய்த் தெரிவது கூழ்முட்டை. அதை எடுத்துவிடலாம். இருபத்தோராம் நாள் குஞ்சு பொரிக்கும். பருந்துக்கும் கீரிக்கும் தப்பவைக்க முதல் ஒரு மாதம் குஞ்சுகளைக் கூட்டுக்குள் காக்கவேண்டும்.

2022 மார்கழியில் மண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. எங்கள் வீட்டிலும் இரண்டு குட்டிகள் ஒரே இரவில் விறைத்துப் போயின. கொட்டில் நிலம் ஈரம், வாடைக்காற்றுக்கு மறைப்பும் இல்லை. அந்தப் பிழை என்னுடையதுதான். பிறகு நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில் சலாகை பரப்பித் தட்டு அடித்தோம். வாடை வரும் பக்கத்தைச் சாக்கால் மறைத்தோம். புழுக்கை கீழே விழுவதால் அள்ளுவதும் சுகம். அதுவே தோட்டத்துக்குப் பசளை. இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆட்டுக்குப் பூவரசு, கிளுவை, இப்பிலிப்பில் எல்லாம் வெட்டிப் போடலாம். பச்சை மரவள்ளி இலையை மட்டும் போடவேண்டாம். அது நஞ்சு.

2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பரில் தடையை நீக்கியபோது அந்தப் போக வயல்கள் பலவற்றுக்குக் காலம் பிந்திவிட்டது. அடுத்த ஆண்டு நாடே வரிசையில் நின்றது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முன்னைய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு ஏறக்குறைய 195 ரூபா கொடுக்கவேண்டியிருந்தது. கடையில் பால்மா இல்லை. எங்களுக்கும் அரிசியும் சீனியும் எண்ணெயும் விலைக்குத்தான் வந்தன. சில நாள் இரவில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும்தான் சாப்பாடு. ஆனாலும் பிள்ளைகளின் கோப்பையில் முட்டையோ கீரையோ பாலோ இல்லாத நாள் இருக்கவில்லை. சாப்பாட்டுக்கென்று நான் கடன் எடுக்கவுமில்லை.

இந்தக் கடைசி விடயத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நுண்கடனால் எத்தனை பெண்கள் அல்லற்பட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் கட்டமுடியாமல் நிலுவையான 1 இலட்சம் ரூபா வரையான கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. தொழிலுக்கென்று எடுத்த கடன் பலருக்குச் சட்டியில் கரைந்தது. சட்டியை வளவு நிரப்பினால் கடன் சட்டிக்குள் போகாது.

வளவு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. பள்ளிக்கூடச் செலவுக்கும் மருந்துக்கும் வேறு உழைப்பு வேண்டும். வளவு வேலையும் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. அதனால் மகனுக்கும் சிறு வயதிலேயே பழக்கினேன். குழை வெட்டுவதும் கொட்டில் கூட்டுவதும் அவன் வேலை. இப்போது தோசைக்கு மாவும் ஆட்டுவான்.

சகோதரிகளே, காணி இல்லாதவர்களும் கிணற்றடியில் ஒரு முழப் பாத்தி கொத்திப் பொன்னாங்காணித் தண்டு நட்டுப் பாருங்கள். கிழிந்த உரப்பையில் மண் நிரப்பி நான்கு கத்தரி வையுங்கள். உதவியாகக் கோழி கிடைத்தால் முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். விற்றதை மட்டும் எழுதாமல் பிள்ளைகள் சாப்பிட்டதையும் அதில் எழுதுங்கள். என் கொப்பியில் அந்த இரண்டாவது பத்தி 2011இல்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னுள்ள பக்கங்களில் விற்றது மட்டும்தான் இருக்கிறது. அவற்றை இன்றைக்கும் நான் கிழித்துப் போடவில்லை.