அடிக்கோடா, திமிலா?

வங்கிச் செயலி ஒன்றில் பிறந்த தேதிக்கு இரண்டு பெயர்கள் இருக்கலாம். டேட்டாபேஸில் 'டேட்_ஆஃப்_பர்த்' என்று அடிக்கோட்டோடு இருப்பது ஸ்நேக் கேஸ். ஜாவா நிரலுக்குள் வந்ததும் கோடுகள் போய்ச் சொற்கள் ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் சொல்லிலிருந்து ஒவ்வொன்றின் முதலெழுத்தும் பெரிய எழுத்தாகும். திமில்போல் எழுந்து நிற்பதால் அது கேமல் கேஸ். பெயருக்கு நடுவே இடைவெளி விட்டால் பெரும்பாலான கணினி மொழிகள் ஏற்காது என்பதால் வந்த ஏற்பாடுகள் இவை.

பைத்தானுக்கு 2001இல் எழுதப்பட்ட 'பெப் 8' என்ற நடைக் கையேடு அடிக்கோட்டைப் பரிந்துரைக்கிறது. இணையப் பக்கத்தை அழகுபடுத்தும் சிஎஸ்எஸ்ஸிலோ 'ஃபான்ட்-சைஸ்' என்று இடைக்கோடு. அதை அப்படியே ஜாவாஸ்கிரிப்டில் எழுதினால் கோடு கழித்தல் குறியாகி, ஃபான்டிலிருந்து சைஸைக் கழிக்கப் பார்க்கும். எந்த நடை உயர்ந்தது என்று சண்டை போடுவதில் பயனில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பிசகாமல் மாற்றுவதுதான் முக்கியம்.

பெயரின் முதலெழுத்தைத் தவிர, பெரிய எழுத்தைக் கண்டால் முன்னால் அடிக்கோடு போடு, பிறகு எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கு. இந்த விதி சாதாரணப் பெயர்களுக்குப் போதும். சுருக்கப் பெயர்களில் சறுக்கும். பிரவுசர்களில் உள்ள 'எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட்' என்ற பெயரில், எக்ஸ்எம்எல் முழுதும் பெரிய எழுத்து. எச்டிடிபியில் எச் மட்டும்தான் பெரியது. விதியை ஓட்டினால் 'எக்ஸ்_எம்_எல்_எச்டிடிபி_ரிக்வெஸ்ட்' என்று முதல் சொல் சிதறும். தொடர்ந்து வரும் பெரிய எழுத்துகளை ஒரே சொல்லாகக் கொண்டு, அவற்றில் கடைசி எழுத்தை மட்டும் அடுத்த சொல்லுக்குக் கொடுத்தால்தான் சரியாக வரும்.

திரும்பி வரும்போது அதுவும் உதவாது. ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற இணையச் செயலிக் கட்டமைப்பின் ஆவணத்திலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 'எஸ்எஸ்எல்எரர்' என்ற பெயரை அடிக்கோட்டு நடைக்கு மாற்றி மறுபடி கொண்டுவந்தால், எஸ்எஸ்எல்லின் முதல் எஸ் மட்டுமே பெரிய எழுத்தாக மிஞ்சும். மூன்றும் பெரியவையாக இருந்த தகவல் நடுவழியில் அழிந்துவிட்டது. எந்த விதியாலும் அதை ஊகிக்க முடியாது. சுருக்கப் பெயர்களுக்கு ஒரு பட்டியல் வைத்தே தீர வேண்டும்.

துருக்கிய மொழி இன்னொரு பொறி. அங்கே சிறிய ஐ எழுத்தைப் பெரிதாக்கினாலும் தலைமேல் புள்ளி போகாது. கருவியின் மொழி அமைப்பைப் பார்த்து எழுத்தை மாற்றும் ஜாவா நிரல், துருக்கிய அமைப்பில் 'யூசர்_ஐடி'யைக் கேமல் கேஸாக்கினால் ஐ புள்ளியோடு வரும். கணினிக்கு அது வேறு எழுத்து. தேடிய பெயர் கிடைக்காது. மாற்றும்போது 'லொகேல்.ரூட்' என்று குறிப்பிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே கிடையாது. பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கிறது; 'மாணவர்_வயது' என்று தாராளமாக எழுதலாம். கேமல் கேஸுக்குத்தான் வழியில்லை.