மலைச் செம்மண்ணும் காவிரி வண்டலும்

ஆடி மாதத்தில் காவிரியில் இறங்கும் புதுவெள்ளம் செந்நிறமாய் வருவதை நம் பகுதி விவசாயிகள் யாவரும் அறிவர். நீர் எவ்வளவு சிவந்து வருகின்றதோ அவ்வளவு நிலத்திற்கு நலம் என்று எண்ணுவாரும் உளர். இவ்வெண்ணம் ஒரு பகுதி உண்மையே. ஆயின் அச்செம்மை எங்கிருந்து வருகின்றது, அது வருவதால் மேலே இழக்கப்படுவது யாது, வந்ததில் எவ்வளவு நம் வயலை அடைகின்றது என்பவற்றை ஆராய்ந்தால், மகிழ்ச்சியுடன் கவலையும் தோன்றும். காவிரிக்கு மண் தரும் நிலங்கள் பல. அவற்றுள் நீலகிரியின் குளிர்ந்த காட்டு நிலத்தை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

மலையின் தட்பவெப்பம்

உதகமண்டலம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 7,300 அடி உயரத்தில் உள்ளது. அருகிலுள்ள தொட்டபெட்டாச் சிகரம் 8,600 அடிக்கும் மேற்பட்டது. மார்கழி, தை மாதங்களில் அங்குள்ள பள்ளங்களில் இரவில் உறைபனி விழுந்து, விடியற்காலையில் புல்தரை வெளுத்திருக்கும். பள்ளத்தாக்குகளின் மடிப்புகளில் சோலை எனப்படும் குட்டையான பசுமைமாறாக் காடுகளும், அவற்றின் ஓரங்களில் காட்டுப்பூவரசும், மேட்டுச் சரிவுகளில் புல்வெளியும் அம்மலையின் இயற்கைப் போர்வையாகும். பூம்புகாரின் வெக்கையில் வாழும் நமக்கு அக்குளிர் அயலானது. ஆயினும் அக்குளிரில் உருவான மண்ணுக்கும் நம் நீருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நீலகிரியின் தென்மேற்குப் பகுதியில் தோன்றும் பவானியாறு, அம்மலையினின்றே வரும் மோயாற்றையும் சேர்த்துக்கொண்டு, பவானி நகரில் காவிரியுடன் கலக்கின்றது.

மண்ணின் அமைப்பு

சோலையில் ஒரு குழி தோண்டிப் பார்ப்போமாயின் மூன்று அடுக்குகளைக் காணலாம். மேலே இலைமக்குச் செறிந்த கருமண்; அதன்கீழ் ஆழமான செம்மண்; அடியில் பாறை. இப்பாறை சார்னோகைட் என்னும் கடினமான கருநிறக் கல்லாகும். சென்னையை அடுத்த பல்லாவரத்துக் குன்றுகளிலும் இக்கல்லே உள்ளது. வெடிப்புகளின் வழியே நீர் இறங்க, பாறை வெங்காயத் தோல் உரிவதுபோல் அடுக்கடுக்காக உதிர்கின்றது. உதிராது நின்ற நடுப்பகுதியே செம்மண்ணிடையே உருண்டைக் கற்களாகக் கிடக்கின்றது. கல்லிலுள்ள இரும்பு காற்றும் நீரும் பட்டுத் துருவாகி மண்ணைச் சிவக்கச் செய்கின்றது.

கருமண் குளிரின் கொடையாகும். வெப்ப நிலத்தில் விழும் தழை விரைவில் மக்கி மறைந்துவிடும். குளிரிலோ அது மெல்ல மக்குவதால், ஆண்டுதோறும் விழும் சருகு தங்கி மக்காகச் சேர்கின்றது. சோலையின் மேல்மண்ணில் 100 பங்குக்கு 5 பங்கு, சிலவிடங்களில் அதற்கும் மேலாக, கரிமச்சத்து இருப்பதுண்டு. நம் நெல் வயல்களிலோ பெரும்பாலும் 1 பங்கும் இராது. இக்கருமண் பஞ்சுபோல் மழையை உறிஞ்சி, மாதக்கணக்கில் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடுகின்றது. மழையில்லாத மாதங்களிலும் மலை ஓடைகள் வற்றாதிருப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணமாகும்.

செம்மண்ணின் குறைபாடுகள்

மேற்போர்வை நீங்கின் எஞ்சுவது செம்மண்ணே. பார்வைக்கு அழகாயினும் சத்தில் அது ஏழை. நெடுங்கால மழையில் சுண்ணாம்பும் சாம்பல் சத்தும் கரைந்து போயினமையால் அது புளிப்பு மிகுந்தது. நாம் இடும் மணிச்சத்தை அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்வதால், உரத்தில் பெரும்பங்கு பயிருக்கு எட்டுவதில்லை. ஆதலின் அங்கு உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பயிரிடுவோர் சுண்ணாம்பும் தொழுவுரமும் இட்டே மண்ணைப் பழக்க வேண்டியவராகின்றனர். நம் டெல்டாக் களிமண் சத்தைப் பிடித்து வைத்துப் பயிருக்குக் கொடுப்பது; மலைச் செம்மண்ணுக்கு அவ்வாற்றல் குறைவு. ஆகவே, சிவந்த வெள்ளம் கொணர்ந்த நன்மை அதன் நிறத்தினால் அன்று. அதனுடன் வந்த மக்கினாலும் நுண்களியினாலுமே யாகும்.

இழப்பு நேரும் விதம்

1820-ஆம் ஆண்டுகளில் உதகமண்டலம் நகராகத் தொடங்கியபின், புல்வெளிகளும் சோலைகளும் தேயிலைத் தோட்டங்களாகவும், காய்கறி நிலங்களாகவும், சீகை, கற்பூரத் தோப்புகளாகவும் மாறின. சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்து உழுத நிலத்தில், ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் இறங்கிற்று. இயற்கை பல நூற்றாண்டுகளில் சேர்த்த ஓரங்குல மண் சில பருவங்களில் போய்விடக்கூடும். 2009-ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையில் மலைச்சரிவுகள் பலவிடங்களில் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லி மீட்டருக்கும் மேலாக மழை கொட்டிற்று. அத்தகைய மழையைத் தாங்கப் போர்வையுள்ள மண்ணாலேயே அரிது; போர்வையற்ற மண் யாது செய்யும்?

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. உதகமண்டலத்தில் 1954-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மத்திய மண்வள ஆராய்ச்சி நிலையம், சமமட்ட உழவு, படிமேடைகள், வரப்போரப் புல், நீரிறங்கும் வழிகளில் தடுப்பணைகள் ஆகியவற்றை ஆராய்ந்து கூறியுள்ளது. இவற்றைக் கைக்கொண்ட நிலங்களில் மண் நிற்கின்றது.

மலை இழந்தது நமக்குக் கிடைத்ததா?

மலைக்கு நட்டமாயினும் டெல்டாவுக்கு இலாபமன்றோ என்று சிலர் வினவக்கூடும். ஒரு காலத்தில் அது உண்மையே. நம் நிலமே அவ்வாறு ஆற்று வண்டலால் ஆயது. இப்பொழுது நிலைமை வேறு. 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணையும், 1955-ஆம் ஆண்டில் பவானிசாகர் அணையும் எழுந்தபின், வெள்ளத்தின் வேகம் நீர்த்தேக்கத்தில் தணிய, வண்டலில் பெரும்பகுதி அங்கேயே படிந்துவிடுகின்றது. மேட்டூரில் 83 ஆண்டுகளாகத் தங்கிய வண்டலை 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் முதன்முறையாக எடுக்கத் தொடங்கினர். ஆகவே மலையில் அரிக்கப்படும் மண் மலைக்கும் உதவாது, வயலுக்கும் உதவாது, நமக்குரிய நீரின் இடத்தை அணையில் அடைத்துக்கொள்கின்றது. ஆறு கொணரும் மணல் குறைந்தது பூம்புகார்க் கரையைக் கடல் அரித்து வருவதற்கும் ஒரு காரணமாகும்.

நாம் செய்யத்தக்கவை

ஆறு இனி வண்டல் தருமென்று காத்திருத்தல் கூடாது. சோலை தன் சருகைத் தனக்கே உரமாக்கிக்கொள்வதுபோல் நாமும் செய்தல் வேண்டும். தண்ணீர் கிடைத்தவுடன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாட்களில், பூக்கும் தருணத்தில், மடக்கி உழுக. வைக்கோலையும் தாளையும் கொளுத்தாமல் மண்ணுக்கே திருப்புக. உரிய அனுமதி பெற்று ஏரி, குளங்களின் வண்டலைக் கோடையில் எடுத்து வயலில் பரப்புக. ஆயின் கடலை அடுத்த ஊர்களில், அவ்வண்டலில் உப்பு உண்டா என்று மண் பரிசோதனை நிலையத்தில் சோதித்தபின்னரே இடுதல் நலம்.

கிராம நிர்வாக அலுவலர்கள் இவ்வனுமதிக்கு வேண்டிய நிலச் சான்றுகளைக் கோடை கழியுமுன் அளித்து உதவுவார்களாயின் பெரும்பயன் விளையும். ஒரு மாதம் தாமதித்தால் குளத்தில் நீர் நின்றுவிடும். அவ்வாண்டு வாய்ப்பு அத்துடன் போயிற்று.

மலைமேல் ஒரு படுகர் தம் சரிவில் கட்டும் படிமேடை, இருநூறு மைலுக்கப்பால் நம் குறுவைக்கு நீரைச் சேமிக்கின்றது. சோலைகளைக் காக்கும் முயற்சி அயலார் காரியம் என்று எண்ணாது, அதற்கு நம் ஊர்ச் சபைகளும் குரல் கொடுத்தல் கடமையாகும்.