கடலின் வரவு செலவு: அரியலூர்ப் பாறை காட்டும் கணக்கு

ஆரணியில் கிணறு வெட்டினால் கிளிஞ்சல் கிடைக்காது. அந்தப் பட்டு ஊருக்கு அடியில் இருப்பது சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள கருங்கல். ஓடுள்ள உயிர்கள் கடலில் தோன்றியதே அதற்கு ஏறக்குறைய 200 கோடி ஆண்டு கழித்துத்தான். நேர்கோட்டில் 170 கி.மீ. தெற்கே உள்ள அரியலூரில் நிலைமை வேறு. வயல் ஓரத்து ஓடையிலேயே கடற்சிப்பி கிடைக்கும். கடல் உயிர்கள் பேரழிவில் எதை இழந்தன, எதை மீட்டன என்று கணக்குப் பார்க்கத் தமிழ்நாட்டில் அதைவிட நல்ல இடம் இல்லை.

முன் இருப்பு

உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று பாறைத் தொகுதிகள் இங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. 1846-இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் தென்னிந்தியப் புதைபடிவங்களை விவரித்தார். 1862-இல் பிளான்ஃபோர்ட் இப்பகுதிப் பாறைகளை வகைப்படுத்தினார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1873 வரை பெரும் தொகுதிகளாக உயிரினங்களைப் பட்டியலிட்டார். சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகளில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் இந்தப் பட்டியல்களில் உண்டு.

பின் இருப்பு

அரியலூர்த் தொகுதியின் உச்சியில் கல்லமேடு மணற்கல். அது ஆற்றுப் படிவு. அதில் டைனோசர் எலும்பு கிடைத்திருக்கிறது. அதற்கு மேல், கடல் திரும்பி வந்து படியவைத்த நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல். கிரெட்டேசியஸ் இறுதிப் பேரழிவு நடந்தபோது கடல் இங்கிருந்து விலகியிருந்ததால், அழிவின் தருணம் இங்கே பதிவாகவில்லை. முன் இருப்பும் பின் இருப்பும் மட்டும் கைக்கு வருகின்றன. நின்னியூரில் அம்மோனைட் பூஜ்யம். அதன் தூரத்து உறவான நாட்டிலஸ் வகை மட்டும் இருக்கிறது.

செலவு

அம்மோனைட்டை முடித்த இந்த இழப்பு, கடல் கண்ட பேரழிவுகளில் ஐந்தாவது. ஐந்தையும் 1982-இல் இனங்காட்டியவர்கள் ஆய்வாளர்கள் ராவ்ப், செப்கோஸ்கி. அழிந்த இனங்களின் மதிப்பீடு, தோராயமாக:

- ஓர்டோவிசியன் இறுதி, 44.5 கோடி ஆண்டு முன்: 85 விழுக்காடு
- டெவோனியன் பிற்பகுதி, 37.2 கோடி: 75
- பெர்மியன் இறுதி, 25.2 கோடி: 81 முதல் 96 வரை
- டிரையாசிக் இறுதி, 20.1 கோடி: 75 முதல் 80 வரை
- கிரெட்டேசியஸ் இறுதி, 6.6 கோடி: 75

பெர்மியன் வரிசையில் இரண்டு எண்கள் இருப்பதற்குக் காரணம் உண்டு. 96 என்பது 1979-இல் ராவ்ப் சொன்ன உச்ச வரம்பு. பேரழிவு இல்லாத காலத்திலும் இயல்பாகவே மறைந்துகொண்டிருக்கும் இனங்களைக் கழித்து, 2016-இல் ஸ்டான்லி கண்ட எண் 81.

ஐந்தாவது செலவின் முதன்மைக் காரணம் சுமார் 10 கி.மீ. அகல விண்கல். மெக்சிகோவில் அது தோண்டிய சிக்சுலூப் பள்ளத்தின் அகலம் சுமார் 180 கி.மீ. எழுந்த தூசியும் புகையும் வெயிலை மறைத்தன. கடலின் கார அமில அளவான பி.எச். 0.25 புள்ளி இறங்கியது. மேற்பரப்பில் மிதந்த சுண்ணாம்பு ஓட்டு நுண்ணுயிர்களில் பத்துக்கு ஒன்பது இனங்கள் போயின.

அம்மோனைட்டும் அதே மேல்நீரில்தான் சிக்கியது. பெரும்பாலானவற்றின் குஞ்சு 1 மி.மீ. அளவே இருந்தது, மிதந்து, நுண்ணுயிரைத் தின்று வளர்ந்தது. இன்றைய நாட்டிலஸ் குஞ்சு முட்டையிலிருந்து வரும்போதே ஓடு 25 மி.மீ. இருக்கும்; ஆழத்தில் கிடைத்ததைத் தின்னும். சுமார் 34 கோடி ஆண்டு வாழ்ந்து, மூன்று பேரழிவுகளைத் தாண்டிய அம்மோனைட் குலம், தான் சந்தித்த நான்காவதில் முடிந்ததற்கு ஆய்வாளர் தரும் முக்கிய விளக்கம் இந்த 24 மி.மீ. வேறுபாடு.

வரவு

சிக்சுலூப் பள்ளத்தில் 2016-இல் துளையிட்டு எடுத்த மண்ணின்படி, மோதல் நடந்த சில ஆண்டுகளிலேயே உயிர்கள் அங்கே வந்துவிட்டன. 30,000 ஆண்டில் அந்த இடம் செழிப்பான கடலாகிவிட்டது. ஆனால் இவை அளவின் கணக்கு. மிதவை நுண்ணுயிர்க் கூட்டம் நிலைப்பட 18 இலட்சம் ஆண்டு பிடித்தது. இனங்களின் எண்ணிக்கை பழைய நிலையை எட்ட ஏறக்குறைய 1 கோடி ஆண்டு.

பெர்மியனுக்குப் பிறகும் இதே இடைவெளி. அம்மோனைட் 10 முதல் 20 இலட்சம் ஆண்டில் பெருகிவிட்டது. பவளத்திட்டு திரும்பச் சில பத்து இலட்சம் ஆண்டுகள் கூடுதலாகின. எல்லா அழிவுகளையும் சேர்த்துப் பார்த்த கிர்ஷ்னரும் வைலும் 2000-இல் கண்ட சராசரித் தாமதமும் சுமார் 1 கோடி ஆண்டு. வேலைப்பாட்டுக்கான ஜக்கார்டு அட்டைகள் தொலைந்த தறியிலும் சேலையின் உடலை நெய்ய முடியும். கரையும் முந்தியும் புதிதாக அட்டை குத்தினால்தான் வரும். கடலுக்கும் வெறும் நெசவு சீக்கிரம், வேலைப்பாடு தாமதம்.

நடப்புக் கணக்கு

நின்னியூர் உட்பட இப்பகுதிச் சுண்ணாம்புக்கல் இன்று சிமெண்ட் ஆலைகளுக்குப் போகிறது. தூய சுண்ணாம்புக்கல் ஒரு டன்னைச் சுட்டால், எரிபொருள் புகையைச் சேர்க்காமலே 440 கிலோ கரியமில வாயு வெளியேறும். உலகெங்கும் எரிக்கப்படும் நிலக்கரி, எண்ணெய், சுண்ணாம்பு சேர்ந்து, தொழிற்புரட்சிக்குப் பின் கடலின் பி.எச். அளவைச் சுமார் 0.1 இறக்கியிருக்கின்றன. விண்கல் செய்ததில் ஐந்தில் இரண்டு பங்கு அது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி உயிர்ப்பவளப் பரப்பு 2009-இல் சுமார் 43 விழுக்காடு. 2010 கோடை வெப்பத்தில் வெளுத்து 33 ஆனது. 2016-க்குள் 39-க்கு ஏறியது. அந்த ஆண்டின் வெளுப்பில் 23-க்கு இறங்கியது. இரண்டு கோடைகளின் செலவு 26 புள்ளி. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளின் வரவு 6. ஆண்டுக்கு ஒரு புள்ளி என்ற அதே வேகத்தில், இடையில் வெளுப்பே நேராவிட்டாலும், 43-ஐத் தொட 20 ஆண்டு வேண்டும். நடுவே கிடைத்ததோ ஆறு. பவளத்துக்கு மீளும் திறன் உண்டு. அடுத்த வெப்ப அலை வரும் முன் கிடைக்கும் ஆண்டுகள்தான் பற்றாக்குறை.