ஞானப்பாட்டுக்கு முன்னால்

குறிஞ்சிப்பாடி, கடலூர் பக்கத்து லுத்தரன் சபைகளில் முன்பெல்லாம் போதகரான ஐயர் ஞானப்பாட்டின் எண்ணைச் சொன்னதும் யாரும் வாய் திறந்துவிட மாட்டார்கள். கால்மிதி ஆர்மோனியக்காரர் முதலில் ஓரிரு வரி வாசித்துக் காட்டவேண்டும். எந்த ராகம், என்ன சுதி என்பது அதில்தான் பிடிபடும்.

இந்தச் சின்ன வேலையிலிருந்து ஜெர்மனியில் ஒரு பெரிய இசையே வளர்ந்தது. சபை பாடப்போகும் பாட்டை ஆர்கனில் விரித்து வாசிப்பதற்குக் கொரால் பிரிலூடு என்று பெயர். 124ஆம் சங்கீதத்தைத் தழுவி யுஸ்துஸ் யோனாஸ் எழுதிய பாட்டுக்கு, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தம் இளவயதில், ஏறத்தாழ 1705–1710இல், அந்த வகையில் நீளமான ஒன்றைச் செய்தார். அதன் தொடக்கம் மட்டும் பாக் படைப்புகளின் பட்டியலில் இருந்தது, மீதியைக் காணோம். 2008இல் ஹாலே பல்கலைக்கழக நூலகத்தில் வில்ஹெல்ம் ருஸ்ட் 1877இல் எடுத்த படி கிடைத்தது. அந்தப் பட்டியலில் அதற்கு பி.டபிள்யூ.வி. 1128 என்று எண்ணும் கொடுத்தார்கள்.

ஹாலே நமக்கு வேற்றூர் அல்ல. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு அங்கே படித்தவர். 1740இல் கடலூருக்கு வந்த மிஷனரி கியர்நாண்டரும் அங்கிருந்து வந்தவர்தான்.

இவர்களோடு ஜெர்மன் ராகங்களும் வந்தன. தமிழ்ச் சொல்தான் பாடுபட்டது. குறிலுக்கு நீண்ட சுரம் விழுந்தால் 'மனம்' 'மானம்' ஆகிவிடும். மிஷனரி பப்ரிசியுஸ் ஐயர் பாட்டுகளைச் செப்பனிட்டார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் நம் ராக தாளத்திலேயே கீர்த்தனைகள் செய்தார். ஆனாலும் சபை ஞானப்பாட்டை விடவில்லை.

இன்று கீபோர்டு. பொத்தானை அமுக்கினால் தாளம் ஓடுகிறது. சுதியை ஏற்ற இறக்க இன்னொரு பொத்தான். வாசிக்கும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். என் வருத்தம் வரி முடிவைப் பற்றியது. அந்த ஜெர்மன் ராகங்களில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் மூச்சுக்கு ஓர் இடம் உண்டு. பின்வரிசைக் கிழவிகள் பாடி முடிக்கும்வரை ஆர்மோனியக்காரர் அங்கே காத்திருப்பார். ஓடுகிற தாளம் யாருக்கும் காத்திருக்காது. கிழவிகள் பாதி வரியை விழுங்கிவிட்டு அடுத்ததைப் பிடிக்கிறார்கள். முன்வாசிப்பும் நாலு தட்டாகச் சுருங்கிவிட்டது. ராகம் என்னவென்று முதல் அடி பாடியபிறகே தெரிகிறது.

அதே கீபோர்டில் 'சர்ச் ஆர்கன்' என்றொரு ஒலியும் இருக்கிறது. கல்யாணத்தில் பெண் உள்ளே வரும்போது மட்டும் அதை அமுக்குகிறார்கள்.