கேமராவின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா?

நம்மில் பலர் கடையிலும் கிடங்கிலும் வீட்டிலும் கண்காணிப்புக் கேமரா வைத்திருக்கிறோம். படம் தெளிவாக விழுகிறதா என்று பார்க்கிறோம். ஆனால், படத்தின் மூலையில் ஓடும் தேதியும் நேரமும் சரியா என்று பார்ப்பவர்கள் குறைவு. தராசுக்கு முத்திரை எப்படியோ, கேமராவுக்கு அந்த நேரம் அப்படி.

ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். இரவு கணக்கு முடிக்கும்போது கல்லாவில் 2,000 ரூபாய் குறைகிறது. மாலை 7.10க்குப் போட்ட பில்லில்தான் சந்தேகம். கேமராவில் 7.10ஐ எடுத்துப் பார்க்கிறோம். கல்லா அருகே ஒரு பையன் நிற்கிறான். ஆனால் அந்தக் கேமரா 12 நிமிடம் கூடுதலாகக் காட்டுகிறது என்றால், நாம் பார்ப்பது 6.58க்கு நடந்தது. பில் போட்டபோது அங்கே நின்றவர் வேறு யாரோ! நம்மிடம் நம்பி வேலை செய்யும் பையன்மீது பழி விழுந்துவிடும். 'கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

நேரம் ஏன் தவறுகிறது?

கேமராப் பதிவுப் பெட்டிக்குள் இருப்பது, கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற குவார்ட்ஸ் படிகம்தான். வழக்கமாக அது நொடிக்கு 32,768 முறை அதிரும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலும் நாளுக்கு ஏறக்குறைய 1.7 நொடி, மாதத்துக்கு 50 நொடி, ஆண்டுக்குப் பத்து நிமிடம் தவறிவிடும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் பெட்டி சூடேறினால் பிசகு இன்னும் கூடும்.

எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பார்த்தாலே கோளாறு எங்கே என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

• சரியாக இரண்டரை மணி நேரம் கூடுதலாகக் காட்டினால், பெட்டி சீன நேரத்தில் ஓடுகிறது. ஐந்தரை மணி நேரம் குறைவாகக் காட்டினால், கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது. 'டைம் ஜோன்' என்ற இடத்தில் +5.30 என்று வைக்க வேண்டும்.

• ஒரு மணி நேரம் மட்டும் வித்தியாசம் என்றால், 'டேலைட் சேவிங்' என்பதை அணைத்துவிடுங்கள். நம் நாட்டில் அந்த வழக்கம் இல்லை.

• மின்சாரம் போய் வந்ததும் 1970 அல்லது 2000ஆம் ஆண்டுக்குப் போய்விட்டால், உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். பல பெட்டிகளில் அது சி.ஆர். 2032 என்ற வகை. மெக்கானிக்கை வைத்து மாற்றிவிடலாம்.

• சில நிமிடங்கள் மட்டும் தவறினால், தானாக நேரம் திருத்தும் வசதி வேலை செய்யவில்லை என்று பொருள்.

தானாகத் திருந்த வழி

அந்த வசதியின் பெயர் என்.டி.பி. அமெரிக்கக் கணினி அறிஞர் டேவிட் மில்ஸ் வகுத்த இந்த முறை 1985 முதல் வழக்கில் உள்ளது. இண்டர்நெட் வழியாகச் சரியான நேரத்தைக் கேட்டு, பெட்டி தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். புது டில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு இந்திய நேரத்தைப் பேணி வருகிறது. 'டைம் டாட் என்பிஎல்இந்தியா டாட் ஆர்க்' என்பது அதன் முகவரி. 'பூல் டாட் என்டிபி டாட் ஆர்க்' என்பதும் உலகெங்கும் வழங்குவதே. இவற்றில் ஒன்றை என்.டி.பி. சர்வர் என்ற இடத்தில் கொடுத்து, அந்த வசதியை இயக்கிவிட்டால் போதும்.

அதன் பிறகும் திருந்தவில்லை என்றால், பெட்டிக்கு இண்டர்நெட் போகிறதா என்று பாருங்கள். 'கேட்வே', 'டி.என்.எஸ்.' என்ற இரண்டு இடங்களும் காலியாக இருப்பது வழக்கமான காரணம். சாதாரணமாக இரண்டிலும் ரூட்டரின் முகவரியைக் கொடுத்தால் சரியாகிவிடும். ரூட்டரில் 123ஆம் எண் வழி அடைபட்டிருந்தாலும் நேரம் வராது. இண்டர்நெட் இல்லாத கடையில், மாதத்தின் முதல் நாள் கைப்பேசியைப் பார்த்துக் கையாலேயே திருத்தலாம். பில் மெஷினையும் அன்றே பார்த்துவிடுவது நல்லது.

ஒரு முக்கிய எச்சரிக்கை

களவோ தகராறோ நடந்த பிறகு கேமரா நேரம் தவறு என்று தெரிந்தால், உடனே திருத்திவிடாதீர்கள்! முதலில் கேமரா காட்டும் நேரமும் கைப்பேசி காட்டும் நேரமும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு போட்டோ எடுங்கள். வித்தியாசத்தைத் தேதியுடன் எழுதி வையுங்கள். பதிவைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகே திருத்துங்கள். நேரத்தைப் பின்னுக்குத் தள்ளினால், ஒரே நேரத்துக்கு இரண்டு பதிவுகள் வந்து குழப்பும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் தாக்கல் செய்யும்போது சான்றிதழும் கேட்கிறது. நேர வித்தியாசத்துக்கு நம்மிடம் எழுத்தில் கணக்கு இருந்தால், எதிர்த் தரப்பு கேள்வி கேட்கும்போது பதில் சொல்ல முடியும்.

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. மாதம் ஐந்து நிமிடம் போதும். நம் பொருளுக்கும், நம்மை நம்பி வேலை செய்பவர்களின் நல்ல பெயருக்கும் அது காவல். இன்று கடை கட்டுவதற்கு முன் கேமராவையும் கைப்பேசியையும் ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள்.